ஆளில்லாக் கரையைத் தேடுகிறவர்களுக்கு

முண்டியம்பாக்கம்,
புரட்டாசி மாதம்.

அன்பார்ந்த பிள்ளைகளே,

சென்ற ஞாயிற்றுக்கிழமை மாலை, ரயிலடித் தேநீர்க் கடையின் பின்பக்கத்து பெஞ்சுகளில், சர்க்கரை ஆலைக்குப் போய்வரும் மூவரும், மருத்துவக் கல்லூரியில் படிக்கும் ஐவரும், எஞ்சிய நம் ஊர்ப் பிள்ளைகளுமாக நீங்கள் பதினொருவர் கூடி, ஒரு கைப்பேசியின் சின்னஞ்சிறு திரையில் வங்காள விரிகுடாவின் ஓரத்தை விரலால் நகர்த்தி நகர்த்திப் பார்த்துக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் தினசரியை விரித்து வைத்துக்கொண்டு, அதில் ஒரு வரியும் படிக்காமல், உங்கள் பேச்சையே கேட்டுக்கொண்டிருந்த கிழவன் நான்தான் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஒட்டுக் கேட்பது கௌரவமான காரியமன்று என்பது எனக்கும் தெரியும். ஆனால் முப்பது வருஷத்துக்கு மேலாகக் கடைசி பெஞ்சின் முணுமுணுப்பைப் பிரித்தெடுத்துப் பழகிய காதுகளுக்கு, எஜமானனுக்கு ஓய்வூதியம் வந்துவிட்டதென்ற செய்தி இன்னும் எட்டவில்லை.

தீபாவளி விடுமுறையில் சர்ஃபிங் என்னும் அலைச்சறுக்குப் பிரயாணம் போவதென்றும், அதுவும் மாமல்லபுரம், கோவளம் போன்ற ஜனநெருக்கடியான இடங்களை விட்டு, கடை கண்ணி இல்லாத, சத்தமில்லாத, ஆளே இல்லாத கரை ஒன்றைக் கண்டுபிடித்துப் போவதென்றும் நீங்கள் தீர்மானித்தீர்கள். உங்களில் ஒருவர் மரக்காணத்துக்கும் கூனிமேட்டுக்கும் நடுவே விரலை வைத்து, "இங்க ஒண்ணுமே இல்ல பாரு, இதான் நம்ம இடம்" என்று சொன்னார். அந்த ஒரு வாக்கியந்தான் என்னை இந்த மடலை எழுத வைத்தது. மரக்காணத்தை அடுத்த ஒரு பள்ளியில் பதினான்கு வருஷம் பூகோளம் கற்பித்தவன் நான். அந்த 'ஒண்ணுமே இல்லாத' இடத்திலிருந்துதான் என் வகுப்புக்குப் பாதிப் பிள்ளைகள் வந்தார்கள். நேரில் அழைத்துச் சொல்லியிருக்கலாம். ஆயினும் உங்களுக்குப் பிறகு போகப்போகிறவர்களும் இருப்பார்கள் என்று தோன்றியதால், எல்லோருக்கும் பொதுவாக எழுதி, படிப்பகத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டும்படி கொடுத்திருக்கிறேன்.

போகவேண்டாம் என்று சொல்ல வந்தேனென்று நினைத்துவிடாதீர்கள். கரும்புச் சோலையும் ஆலைப் புகையும் பாகு வாசனையுமாகப் பிறந்து வளர்ந்த நமக்கு, நாற்பது கிலோமீட்டருக்குள் ஒரு மகாசமுத்திரம் கிடக்கிறதென்ற நினைவே பெரும்பாலான நாட்களில் வருவதில்லை. மாசி மகத்தன்று மயிலம் முருகனும் தீவனூர் விநாயகரும் தத்தம் மலையையும் வயலையும் விட்டிறங்கி, வைத்திக்குப்பம் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்கு எழுந்தருளும்போது, அவர்களின் பின்னால் மூட்டை முடிச்சோடு போய், முழங்கால் நனைய நின்று, தலையில் மூன்று கை நீரை அள்ளித் தெளித்துக்கொண்டு திரும்பிவிடுவதே நம் பக்கத்துக்காரர்களுக்குக் கடலோடுள்ள சம்பந்தம். அந்தச் சம்பந்தத்தை முழங்காலுக்கு மேலே கொண்டுபோக விரும்புகிற முதல் தலைமுறை நீங்கள் என்பதில் எனக்குச் சந்தோஷமே. என் ஆட்சேபமெல்லாம் அந்த 'ஒண்ணுமே இல்ல' என்ற சொல்லின் மேல்தான்.

நம் விழுப்புரம் மாவட்டத்தின் கடலோரம் ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர். வடக்கே மரக்காணத்து உப்பளங்களில் தொடங்கினால், எக்கியார்குப்பம், கைப்பாணிக்குப்பம், அனுமந்தைக்குப்பம், கூனிமேடு, பொம்மையார்பாளையம், தந்திராயன்குப்பம், கோட்டக்குப்பம் என்று குப்பத்துக்குக் குப்பம் கை கோத்துக்கொண்டு புதுச்சேரி எல்லை வரைக்கும் வந்து நிற்கிறது. இடையே கழுவெளி என்னும் பெரிய உவர்நீர்ப் பரப்பு. 2021இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட அதன் 5,151 ஹெக்டேரில், பருவத்தில் வந்து இறங்கும் பூநாரைகளின் கூட்டத்தைப் பார்த்தவன் வாழ்நாளில் மறக்கமாட்டான். உங்கள் கைப்பேசிப் படத்தில் இவை தெரியாததற்குக் காரணம், படம் வரைகிறவன் மதில் வைத்த கட்டடத்தையும் விலைப்பட்டியல் வைத்த கடையையும் மட்டுமே இடமென்று கணக்கிடுகிறான். படகை இழுத்து ஏற்றும் மணல்மேடு, வலை உலர்த்தும் திட்டு, கருவாடு காயப்போடும் வெளி, கரைவலை இழுக்க இரண்டு வரிசையாக ஆட்கள் நிற்கும் இடம், இவற்றுக்கெல்லாம் அவனிடம் அடையாளக் குறி இல்லை. வெறுமையாகத் தெரிகிற ஒவ்வொரு முழத்துக்கும் அங்கே ஒரு வேலை உண்டு, அந்த வேலைக்கு ஒரு நேரம் உண்டு.

இந்த இடத்தில் ஒரு பழங்கதையைச் சொல்லாமல் மேலே போக எனக்கு மனம் வரவில்லை. தமிழ்ப் பாடத்தில் ஆற்றுப்படை என்ற பெயரைக் கேட்டு, மதிப்பெண்ணுக்கு வேண்டிய அளவு மனனம் செய்து, பரீட்சை முடிந்த மறுநாளே மறந்திருப்பீர்கள். பரிசில் பெற்றுத் திரும்பும் பாணன் ஒருவன், வாடி வதங்கி எதிரே வரும் மற்றொரு பாணனை வழியில் நிறுத்தி, இன்ன வழியாகப் போ, இன்ன ஊரில் இன்னார் இருப்பார்கள், அவர்கள் இன்னது தருவார்கள் என்று சொல்லி அனுப்புவதே அந்த இலக்கிய வகை. நீங்கள் பெஞ்சில் உட்கார்ந்து செய்துகொண்டிருந்த பிரயாணத் திட்டத்தை, நம் முன்னோர் பாட்டாகச் செய்தார்கள், வித்தியாசம் அவ்வளவுதான். அவற்றுள் நல்லூர் நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படை 269 அடிகளைக் கொண்டது, நம் பக்கத்துக்கே உரியது. அதன் பாட்டுடைத் தலைவன் ஓய்மாநாட்டு நல்லியக்கோடன்; அவனுடைய கிடங்கில் இன்றைய திண்டிவனத்தை ஒட்டிய இடம்; வழியில் வரும் எயிற்பட்டினத்தை அறிஞர்கள் நம் மரக்காணம் என்றே அடையாளம் காண்கிறார்கள். ஆகவே, திண்டிவனத்தையும் மரக்காணத்தையும் இணைத்து நீங்கள் போட்ட கோட்டை சங்ககாலத்திலேயே ஒருவர் போட்டுவிட்டார்.

அந்தப் புலவர் கடற்கரையை எப்படிக் காட்டுகிறார் என்பதுதான் விஷயம். அலை ஒதுக்கிக் கொண்டுவந்த வாசனை மரக்கட்டைகள் ஒட்டகங்கள் படுத்துத் தூங்குவதுபோல் மணலில் கிடக்கின்றன என்கிறார். அந்தக் கட்டைகளை விறகாக்கிப் பரதவர் வீட்டுப் பெண்கள் காய்ச்சிய தேறலையும், சுட்ட உலர்மீனையும், போகிற பாணர் வீட்டுக்கு வீடு பெறலாம் என்கிறார். அழகை வருணிக்கத் தெரியாதவரல்லர் அவர். ஆயினும் போகிறவனுக்குச் சொல்லவேண்டிய முதல் சமாசாரம் அங்கே யார் இருக்கிறார்கள் என்பதே என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஏகாந்தத்தைத் தேடிக் கடலுக்குப் போவது என்பது நாம் எங்கிருந்தோ பிற்காலத்தில் வரவழைத்துக்கொண்ட ஆசை. (தேறலைப் பற்றிய பகுதியை மட்டும் நீங்கள் முன்மாதிரியாக எடுத்துக்கொள்ளவேண்டாம், அதைப் பற்றிப் பின்னால் ஒரு வார்த்தை சொல்கிறேன்.)

இனி என் சொந்த அவமானம் ஒன்று. மரக்காணம் பக்கம் வேலைக்குப் போன முதல் வருஷம், எனக்கு இருபத்தேழு பிராயம். நம் ஊர்க் கவலைக் கிணறுகளில் உச்சியிலிருந்து குதித்து, அடியில் மண் எடுத்துக்கொண்டு மேலே வரும் சாமர்த்தியசாலி என்ற கர்வம் உச்சந்தலை வரைக்கும் இருந்தது. ஒரு பங்குனி மாதத்துச் சனிக்கிழமை, அலை உடைந்து வெண்மையாகச் சிதறும் இரண்டு இடங்களுக்கு நடுவே, சலனமின்றி அமைதியாகக் கிடந்த ஒரு துண்டு நீரைப் பார்த்து, இதுதான் இறங்கத் தக்க இடம் என்று புத்திசாலித்தனமாகத் தேர்ந்தெடுத்து இறங்கினேன். பத்து எண்ணுவதற்குள் கால் தரையை விட்டது. நூறு எண்ணுவதற்குள் கரையில் இருந்த பனைமரங்கள் சுண்டுவிரல் உயரமாகிவிட்டன. கரையை நோக்கி எவ்வளவுக்கெவ்வளவு பலமாக நீந்தினேனோ, அவ்வளவுக்கவ்வளவு உப்பு நீரைக் குடித்தேன். வலை போட்டுத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் கட்டுமரத்தைத் திருப்பிக் கொண்டுவந்து, என் முடியைப் பிடித்துத் தூக்கி, மீன் கூடைக்குப் பக்கத்தில் ஒரு கூடையைப் போலக் கிடத்தினார்.

பிறகு நடந்ததைத்தான் நீங்கள் கவனிக்கவேண்டும். அலை உடையும் வரிசைக்கு வெளியே கட்டுமரத்தை நிறுத்திவிட்டு, அவர் கடலையே பார்த்துக்கொண்டு நின்றார். நானோ கரையைக் காண்பதற்குத் தவித்துக்கொண்டிருந்தேன். "அவசரப்படாதீங்க வாத்தியாரே, மூணு பெருசு போவட்டும்" என்றார். பெரிய அலைகள் ஒன்றன்பின் ஒன்றாக எங்களுக்கு அடியில் நுழைந்து போய்க் கரையில் இடிந்தன. அதற்குப் பின் வந்த ஓர் அலையின் முதுகில், துடுப்பை நாலு முறை ஆழப் போட்டு, மரம் சரியத் தொடங்கிய கணத்தில் பின்பக்கத்தில் எழுந்து நின்று, துடுப்பைச் சுக்கான்போலப் பிடித்துக்கொண்டு, ஒரு சொட்டு நீரும் மேலே தெறிக்காமல் கரைக்கு வந்து சேர்ந்தார். மணலில் என்னை இறக்கிவிட்டபோது, "கெணத்து நீச்சல கடலாண்ட காட்டாதீங்க. தண்ணி எங்க சும்மா கெடக்குதோ, அங்கதான் உள்ள இழுக்கும்" என்று சொல்லிவிட்டு மீனைப் பிரிக்கப் போய்விட்டார். உயிர் பயத்தில் நடுங்கிக்கொண்டிருந்த நான் அன்று பார்த்தது அலைச்சறுக்கின் உத்தமமான ஒரு காட்சி என்பதை, இருபது வருஷம் கழித்துத் தொலைக்காட்சியில் ஹவாய்த் தீவுக்காரர்களைப் பார்த்தபோதுதான் தெரிந்துகொண்டேன்.

ஹவாய் மக்கள் பலகையின்மேல் அலையேறுவதைக் கண்டு பிரமித்து, கேப்டன் குக்கின் கப்பலில் வந்த ஜேம்ஸ் கிங் என்ற அதிகாரி 1779இல் எழுதிவைத்தார். அப்படியாக அந்தக் கலையின் பெயர் வெளியுலகுக்கு எட்டியது. நம் சோழமண்டலக் கரைக்கு வந்த ஐரோப்பியரும் இதே போலப் பிரமித்தவர்கள்தாம். சென்னையில் துறைமுகம் கட்டப்படும் வரையில், கவர்னரானாலும் கடைநிலைச் சிப்பாயானாலும், கயிற்றால் தைத்த மசூலாப் படகில் ஏறி, நம் படகோட்டிகள் அலையை எண்ணித் தள்ளும் கணத்துக்குக் காத்திருந்துதான் கரை காணவேண்டியிருந்தது. கட்டுமரம் என்ற நம் சொல்லைக் கேட்டமரான் என்று எடுத்துக்கொண்டு போய், நம்முடையதற்கு ஒரு சாயலும் இல்லாத இரட்டைப் படகுக்குச் சூட்டிவிட்டார்கள். சொல் போயிற்று, நின்றுகொண்டு அலையில் வரும் அந்த வித்தைக்கு ஒரு பெயர் வைக்க நமக்கும் தோன்றவில்லை, ஏனென்றால் வேலைக்குப் போய் வீடு திரும்புவதற்கு யாரும் தனிப் பெயர் வைப்பதில்லை. இன்று கோவளத்தில் மரப்பலகையோடு அலையில் விளையாடிய மீனவர் வீட்டுப் பையன்களிடமிருந்து ஒரு சர்ஃப் சங்கமே முளைத்திருக்கிறது. அவர்களில் ஒருவரான மூர்த்தி மேகவனின் பெயர் அதோடு சேர்ந்தது. மாமல்லபுரத்து மீனவச் சிறுமி கமலியைப் பற்றி ஆவணப்படமே வந்தது. 2025 ஆகஸ்டில் அதே மாமல்லபுரத்தில் நடந்த ஆசியப் போட்டியில், கேரளத்துக் கோவளத்தின் அலைகளில் பயின்ற ரமேஷ் புதிஹால் வெண்கலம் வென்றார். தனிநபர் பிரிவில் இந்தியாவுக்கு அப்படியொரு பதக்கம் கிடைத்தது அதுவே முதல் முறை. உங்களோடு வரும் பெண்பிள்ளைகளின் வீட்டார் தயங்கினால், கமலியின் படத்தைக் காட்டுங்கள். என் பேச்சைவிட அது பலன் தரும்.

இப்போது காலத்தைப் பற்றி. தீபாவளி என்று முடிவு செய்தீர்களே, அது ஐப்பசி. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் நம் கடல் எந்த ஸ்வபாவத்தில் இருக்கும் என்பதைக் கடலோரத்துக்காரனிடம் கேட்கவே வேண்டாம். நம் ரயிலடியில் கேட்டாலே போதும். 2024 நவம்பர் 30 இரவில் ஃபெங்கல் புயல் புதுச்சேரியை ஒட்டிக் கரையேறியபோது, மயிலத்தில் ஒரே நாளில் ஐம்பது சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியதும், டிசம்பர் 2 அன்று விக்கிரவாண்டிக்கும் நமக்கும் இடையிலுள்ள ரயில் பாலத்தில் வெள்ளம் அபாய அளவைத் தாண்டி வண்டிகள் நின்றுபோனதும் உங்களுக்கு நினைவிருக்கும். வாடைக்காற்று வீசும் அந்தப் பருவத்தில் அலை எந்தத் திசையிலிருந்து வருகிறதென்று அலைக்கே தெரியாது. கரையோர நீரோட்டமும் தெற்கு நோக்கித் திரும்பிக் கடுமையாக ஓடும். அலைச்சறுக்கில் தேர்ந்தவர்கள் விரும்புவது அதற்கு நேர்மாறான வைகாசி முதல் ஆவணி வரையிலான காலம். ஆயிரக்கணக்கான மைலுக்கப்பால், இந்து மகாசமுத்திரத்தின் தென்கோடியில் புயற்காற்று எழுப்பிய அலைகள் அப்போது ஒழுங்கு வரிசையாக வந்து சேரும். விடியற்காலையில் கச்சான் என்னும் மேல்காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசி, அவற்றின் முகத்தைச் சீப்பால் வாரியதுபோல் வழவழப்பாக்கி வைக்கும். பகல் ஏறி எதிர்க்காற்று தொடங்கியதும் எல்லாம் கலைந்துபோகும். தெற்கிலிருந்து வரும் அந்த அலைகளை ஈழத்தீவு மறித்துக்கொள்வதால் கோடியக்கரைப் பக்கம் கடல் அடங்கிக் கிடக்க, வடக்கே வர வர அந்த மறைவு விலகி, புதுச்சேரிக்கு மேலே நமக்குக் கொஞ்சம் பங்கு கிடைக்கிறது. ஈழத்தின் கிழக்குக் கரையிலோ, பொத்துவிலை அடுத்த அறுகம்பை அதே அலைகளால் உலகப் பிரசித்தி பெற்றுவிட்டது. 2004 சுனாமிக்குப் பிறகு அங்கே கடலோரத்தில் மீனவர் மீண்டும் குடிசை போடக்கூடாதென்று தடுத்து, விடுதிகளுக்கு மட்டும் தாராளம் காட்டினார்கள் என்ற மனஸ்தாபமும் அந்தப் பிரசித்தியோடு கூடவே வருகிறது.

ஆனால் நீங்கள் தேர்ந்தவர்களல்லர். பதினொருவரில் ஒருவரும் பலகைமேல் நின்றதில்லை என்று நீங்களே சொல்லிக்கொண்டீர்கள். ஆகையால் வைகாசியும் வேண்டாம், ஐப்பசியும் வேண்டாம், மாசியில் போங்கள். வாடை தணிந்து, கடல் சிற்றலையோடு சாதுவாக இருக்கும் மாதம் அது. அரவைப் பருவத்தில் ஆலையில் விடுப்புக் கிடைக்காதென்று மூவரும் சொல்வீர்கள். வார விடுமுறையோடு ஒரு நாளைச் சேர்த்துக் கேட்டால் கிடைக்காமற்போகாது.

இடத்தையும் மாற்றிச் சொல்கிறேன். முதல் இரண்டு நாள் தந்திராயன்குப்பத்துக்குப் போங்கள். ஸ்பெயின் நாட்டுச் சகோதரர் இருவர் தொடங்கிய பள்ளி முதலாக, காசு வாங்கிக்கொண்டு முறையாகக் கற்பிக்கிறவர்கள் அங்கே இருக்கிறார்கள். பலகையும் வாடகைக்குத் தருவார்கள். ஒன்பதடிப் பலகையை வாங்கித் திண்டிவனம் டவுன் பஸ்ஸில் ஏற்றலாம் என்று உங்களில் ஒருவர் சொன்னதைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கரும்பு டிராக்டரின் மேலே கட்டி எடுத்துப் போனாலல்லாது அதற்கு வேறு கதியில்லை.

அங்கே அலை நன்றாக எழுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அது சந்தோஷமான காரணமன்று. நம் கரையோரத்து மணல் ஒரே இடத்தில் கிடப்பதில்லை. வருஷத்தில் பெரும்பகுதி வடக்கு நோக்கியும், வாடைக் காலத்தில் கொஞ்சம் தெற்கு நோக்கியும் நடந்துகொண்டேயிருக்கும். கூட்டிக் கழித்தால் வடக்குக்குப் போவதே மிகுதி. குறுக்கே கல்லைக் கொட்டி ஒரு துறைமுகச் சுவர் எழுப்பினால், தென்புறத்தில் மணல் தேங்கி, வடபுறம் பட்டினி கிடக்கும். சென்னைத் துறைமுகத்துக்குத் தெற்கே மெரீனா அகன்றதும், வடக்கே இராயபுரம் அரிபட்டதும் இப்படித்தான். 1980களின் பிற்பகுதியில் புதுச்சேரியில் துறைமுகம் எழுந்த பிறகு, அந்நகரத்தின் மணற்கரை கண்ணெதிரே மறைந்து கருங்கல் மட்டும் மிஞ்சியது. அரிப்பு மெல்ல மெல்ல நம் கோட்டக்குப்பத்துக்கும், பொம்மையார்பாளையத்துக்கும் ஏறி வந்தது. வீடுகளைக் காக்கத் தூண்டில் வளைவுகள் போட்டார்கள். வளைவின் ஒரு பக்கத்தில் மணல் சேர்ந்து, அலை சாய்வாக உடைந்து, பலகைக்கு வாகாகிறது. அதற்கு அடுத்த குப்பத்தில் கடல் இன்னொரு தென்னையைச் சாய்க்கிறது. சறுக்கி விளையாடும்போது இதை நினைத்துத் துக்கப்பட்டுக்கொண்டிருக்கவேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கற்களின்மேல் உட்கார்ந்திருக்கும் கிழவர் ஏன் உங்களைப் பார்த்துப் புன்னகைக்கவில்லை என்பது தெரிந்திருப்பது நல்லது.

பலகைமேல் படுக்கவும், எழவும், முக்கியமாக விழவும் பழகிய பிற்பாடு மூன்றாம் நாள் உங்கள் அமைதியான கரைக்குப் போங்கள். தூண்டில் வளைவு இல்லாத அந்தப் பக்கத்தில் கரை செங்குத்தாக இறங்குவதால், அலை நீளமாக ஓடாமல் விளிம்பிலேயே மடிந்து 'தொப்'பென்று விழும். பலகையைவிடக் கழுத்துக்கு ஆபத்து. எந்தக் குப்பத்தின் எதிரே மணல்திட்டு வெளியே தள்ளி உருவாகியிருக்கிறது, எங்கே அலை சாய்ந்து உடைகிறது என்பது மாதத்துக்கு மாதம் மாறும். அதை உங்கள் கைப்பேசி சொல்லாது. நாள்தோறும் அந்த அலையைக் கிழித்துக்கொண்டு படகு தள்ளுகிறவர்கள் சொல்வார்கள். எனவே நேரே நீருக்குள் இறங்காமல், முதலில் ஊர்ப் பஞ்சாயத்தாரைப் பாருங்கள். இன்ன ஊர்க்காரர்கள், இத்தனை பேர், இன்னதற்கு வந்திருக்கிறோம் என்று சொல்லுங்கள். எந்த நேரம் கடலில் இறங்கலாம் என்று கேளுங்கள். இருட்டோடு போன ஃபைபர் படகுகள் வெயில் ஏறும் வேளையில் திரும்பும். அலையின் வேகத்தையும் மோட்டாரின் வேகத்தையும் சேர்த்துக்கொண்டு மணலில் ஏறுகிற படகை நடுவில் நிறுத்த அந்தப் பகவானாலும் ஆகாது. கரைவலை கிடக்கும் நாளில் அதன் கயிறு கடலுக்குள் வெகுதூரம் போயிருக்கும். நீருக்குள் அது கண்ணுக்குத் தெரியாது. வலை காயும் இடத்தில் செருப்புக் காலோடு நடக்காதீர்கள். கருவாட்டைக் கண்டு மூக்கைப் பொத்தாதீர்கள்; அது யாருடைய வீட்டிலோ பிள்ளையின் கல்லூரிக் கட்டணம். பெண்பிள்ளைகளுக்கு உடை மாற்ற ஒரு வீட்டைக் கேட்டால், கேட்ட வீட்டில் குடிக்கத் தண்ணீரும் கிடைக்கும் என்பது என் அனுபவம்.

தேறலைப் பற்றிச் சொல்கிறேன் என்றேனல்லவா? நகரத்திலிருந்து ஏகாந்தம் தேடி வருகிறவர்கள் அந்த மணலில் விட்டுப்போகும் முதல் ஞாபகச் சின்னம் உடைந்த கண்ணாடிப் புட்டி. அங்கே எல்லோரும் வெறுங்காலோடு நடக்கிறவர்கள். என் வகுப்பில் ஒரு பையன் இப்படித்தான் காலைக் கிழித்துக்கொண்டு ஒன்றரை மாதம் பள்ளிக்கு வரவில்லை. வந்தபோது கணக்கில் அவனுக்குப் போனது போனதுதான். இரவில் தீ மூட்டி ஆடுவதும் மாசியில் கூடாது. பங்குனி ஆமை என்னும் கடலாமைகள் முட்டையிடக் கரையேறும் மாதங்களில் அதுவும் ஒன்று, வெளிச்சத்தைக் கண்டால் அவை குழம்பிப் போகும்.

கடைசியாக, நான் எழுதத் தயங்கிய ஒரு விஷயம். 2024 மே 6 அன்று, குமரி மாவட்டம் கணபதிபுரத்துக் கடற்கரையில், கல்யாணம் ஒன்றுக்காக வந்திருந்த மருத்துவ மாணவர்கள் ஐவர் அலையில் இழுக்கப்பட்டு மாண்டார்கள். உங்களில் ஐவர் அதே படிப்பைப் படிக்கிறவர்கள் என்பதால் இதை எழுதும்போது கை நடுங்குகிறது. அன்று புயல் இல்லை, மழை இல்லை. கள்ளக்கடல் என்று கேரளக் கரையில் சொல்கிறார்களே, தொலைதூரத்துக் கொந்தளிப்பால் பிறந்து, காற்றின் எச்சரிக்கையின்றித் திருடனைப்போல் வந்து கரையேறும் பேரலை, அதுதான் வந்தது. அது வருமென்று ஹைதராபாத்திலுள்ள இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் முன்கூட்டியே அறிவித்திருந்தது. ஆகவே புறப்படும் முந்தின இரவும், இறங்கும் காலையிலும் அந்த மையத்தின் அறிவிப்பைப் பாருங்கள். அலையின் உயரத்தை மட்டும் பார்த்து நிறுத்திவிடாமல், ஓர் அலைக்கும் அடுத்ததற்கும் இடையே எத்தனை விநாடி என்பதையும் பாருங்கள். ஒரே உயரமுள்ள அலைகளில், ஆறு விநாடிக்கு ஒன்று வருவதைவிடப் பதினான்கு விநாடிக்கு ஒன்று வருவது மிகவும் பலமுள்ளது. நீரோட்டம் இழுத்தால் நான் செய்ததைப்போல் கரையை நோக்கிப் போராடாமல், பலகையை விடாமல் பிடித்துக்கொண்டு, கரைக்குப் பக்கவாட்டில் நகர்ந்து அந்த ஓட்டத்தை விட்டு வெளியே வாருங்கள். கடலோரக் காவலின் எண் 1093. அதைப் பதினொருவரும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

மாசி மகம் கழிந்த அடுத்த சனிக்கிழமை என்று வைத்துக்கொள்வோமா? தந்திராயன்குப்பத்துக்கு உங்கள் வயதுக்காரர்களே போய்வாருங்கள். அங்கே எனக்கு வேலையில்லை. மூன்றாம் நாள் மரக்காணத்துப் பக்கம் வரும்போது மட்டும் நானும் வருகிறேன். முதல் பாசஞ்சரில் திண்டிவனம், அங்கிருந்து பஸ். குடையும் ஒரு சாக்கு நிறைய நம் ஆலைக் கரும்பும் கொண்டுவருவேன். என்னிடம் படித்த பையன்களில் சிலர் இப்போது படகுக்குச் சொந்தக்காரர்களாகவும் பஞ்சாயத்தில் உட்காருகிறவர்களாகவும் இருக்கிறார்கள் என்று கேள்வி. பழைய வாத்தியார் என்ற முறையில் பேச்சை ஆரம்பித்து வைக்க முடியும். வாடகைக்குப் பலகை எடுக்கும்போது கணக்குக்கு மேல் ஒன்று கூடுதலாக எடுத்துவிடுங்கள். நீங்கள் இறங்கி அரை மணி நேரத்துக்குள் குப்பத்துச் சிறுவர்கள் கரையில் வரிசை கட்டி நிற்பார்கள். அவர்களில் எவனாவது ஒருவன் அதை வாங்கிக்கொண்டு, மூன்று பெரிய அலைகளைப் போகவிட்டு, நாலாவதில் எழுந்து நிற்பான். எனக்கு அதைப் பார்க்கவேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் அடுத்த பெஞ்சுக்காரன்.